மூன்றாவது நாடு எப்போது நிரந்தரத் தீர்வாகும்?

அகதிகளின் எதிர்காலம் பற்றிப் பேச்சு வரும்போது மூன்று வழிகள் சொல்லப்படும். நிலைமை சீரானதும் சொந்த ஊருக்குத் திரும்புவது முதல் வழி. அடைக்கலம் தந்த நாட்டிலேயே வேலை, வீடு, குடியுரிமை என்று ஊன்றிக்கொள்வது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் வாய்ப்பில்லாதவர்களை வேறொரு நாடு முன்வந்து அழைத்துச் சென்று குடியமர்த்துவது மூன்றாவது. ஐ.நா. அகதிகள் ஆணையம் மூன்றையும் நிரந்தரத் தீர்வுகள் என்றே வகைப்படுத்துகிறது. மக்களிடம் அதிகக் குழப்பம் நிலவுவது இந்த மூன்றாவது வழியைப் பற்றித்தான். அதை நிதானமாக விளங்கிக்கொள்ள வேண்டிய காலம் இது. பல பத்தாண்டுகளாக உலகிலேயே அதிக அகதிகளை இப்படி ஏற்றுவந்த அமெரிக்கா, 2025 ஜனவரியில் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் 1,25,000 ஆக இருந்த உச்சவரம்பு, 2026 நிதியாண்டுக்கு 7,500 ஆகச் சுருங்கிவிட்டது.

அகதி ஒருவர் கனடாவையோ ஆஸ்திரேலியாவையோ தேர்ந்தெடுத்து, விசா கேட்பதுபோல விண்ணப்பம் போட்டுச் செல்கிறார் என்றே பலரும் நினைக்கிறார்கள். நடைமுறை அப்படியில்லை. முகாமிலோ நகரத்திலோ பதிவு செய்துகொண்டவர்களில் யாருக்கு ஆபத்து அதிகம், யாருக்கு வேறு வழியே இல்லை என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் பார்க்கிறது. சித்திரவதைக்கு ஆளானவர்கள், தனித்துவிடப்பட்ட பெண்கள், இருக்கும் இடத்தில் சிகிச்சை கிடைக்காத நோயாளிகள், துணையற்ற சிறுவர்கள் போன்றோரின் கோப்புகள் ஒரு நாட்டின் முன் வைக்கப்படும். அந்த நாட்டு அதிகாரிகள் தாங்களே நேர்காணல் நடத்தி, பின்னணியைச் சோதித்து, ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுப்பார்கள். எந்த நாடு என்பதைத் தீர்மானிப்பதில் அகதியின் விருப்பத்துக்கு மிகக் குறைந்த இடமே உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை மட்டும் முழுமையாக அவருடையது.

சட்டத்தின் நிலையும் தெரிந்திருக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. தொலைவில் இருக்கும் அகதியை அழைத்துவர வேண்டும் என்று எந்த நாட்டையும் அது கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே இந்தக் குடியமர்வு முழுக்க முழுக்க ஏற்கும் நாடுகளின் மனத்தைப் பொறுத்தது. ஆட்சி மாறினால் எண்ணிக்கையும் மாறும். 2024 முடிவில் உலகில் 4.27 கோடி அகதிகள் இருந்தார்கள். 2025இல் 29 லட்சம் பேருக்கு மூன்றாவது நாடு தேவைப்படும் என்று ஆணையம் கணித்திருந்தது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அப்படி இடம் கிடைப்பவர்கள் மொத்த அகதிகளில் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

இப்படிக் குறுகிய வழியாக இருந்தும், ஓர் அகதிச் சமூகத்தின் மிகப் பெரும்பகுதி இதன் வழியாகவே வெளியேறிய வரலாறு நம் பக்கத்திலேயே நடந்தது. நேபாளத்தின் கிழக்கு மூலையில் மூங்கில் குடிசைகளில் வாழ்ந்த பூட்டான் அகதிகளின் வரலாறு அது. குடியமர்வால் எதைச் சாதிக்க முடியும், எதைச் சாதிக்க முடியாது என்பதை அறிய இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

பூட்டானின் தெற்கு மலையடிவாரத்தில் நேபாளி பேசும் மக்கள் பல தலைமுறைகளாக விவசாயம் செய்துவந்தார்கள். லோட்ஷாம்பா என்று அங்கே அவர்களுக்குப் பெயர். 1958இல் வந்த சட்டம் அவர்களுக்குக் குடியுரிமை தந்தது. 1985இல் புதிய சட்டம் வந்தது. 1958 டிசம்பர் 31க்குள் பூட்டானில் வசித்ததை ஆவணத்தோடு காட்ட வேண்டும் என்றது அது. 1988இல் தெற்கில் மட்டும் கணக்கெடுப்பு நடந்தபோது, 1958ஆம் ஆண்டின் நிலவரி ரசீதைக் கொண்டுவரச் சொன்னார்கள். முந்தைய ஆண்டின் ரசீதோ அடுத்த ஆண்டின் ரசீதோ செல்லவில்லை. முப்பது ஆண்டு பழைய ஒரு காகிதத்தைப் பத்திரப்படுத்தாத குடும்பங்கள், உழுத நிலத்தில் நின்றபடியே வெளிநாட்டவர் ஆனார்கள். ஒரே வீட்டில் கணவன் குடிமகன், மனைவி அந்நியர் என்று பிரிக்கப்பட்டார்கள். 1989இல் வடபகுதியின் உடையும் ஒழுக்க முறையும் நாடு முழுவதற்கும் கட்டாயமாயின. பள்ளிகளில் நேபாளி பாடம் நிறுத்தப்பட்டது. 1990 செப்டம்பரில் தெற்கில் பெரிய ஊர்வலங்கள் நடந்தன. பிறகு கைதுகள், சித்திரவதை, வீடுகளை இடித்தல் என்று ஒடுக்குமுறை தொடங்கியது. வெளியேறிய பலரிடம், தாமாக விரும்பியே போகிறோம் என்று எழுதப்பட்ட படிவத்தில் கையொப்பம் வாங்கப்பட்டது. பின்னாளில் பூட்டான் அரசு தன் தரப்பு வாதத்துக்குப் பிடித்துக்கொண்டது இந்தக் கையொப்பங்களைத்தான்.

பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் பொது எல்லை கிடையாது. நடுவில் இந்தியா இருக்கிறது. அசாமுக்கும் மேற்கு வங்கத்துக்கும் வந்தவர்களை இந்தியா தங்கவிடவில்லை. லாரிகளில் அவர்கள் நேபாள எல்லைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். முதலில் மாய் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தார்கள். நோயால் குழந்தைகள் இறந்தார்கள். பிறகு நேபாளத்தின் ஜாபா, மொரங் மாவட்டங்களில் பெல்டாங்கி, கோல்தாப், திமாய், குதுனாபாரி, சனிஸ்சரே ஆகிய இடங்களில் ஏழு முகாம்கள் எழுந்தன. பூட்டானின் வெளியுறவில் இந்தியாவின் வழிகாட்டுதலை ஏற்பதாகச் சொன்ன 1949ஆம் ஆண்டு ஒப்பந்தம் அன்று நடப்பில் இருந்தது. இருந்தும், இது பூட்டானும் நேபாளமும் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரம் என்று தில்லி ஒதுங்கிக்கொண்டது. அந்த ஒதுங்கலுக்கு இந்தியாவும் ஒரு நாள் பதில் சொல்லியாக வேண்டும்.

இவர்கள் பேசுவது நேபாளி. கும்பிடும் தெய்வங்களும் கொண்டாடும் பண்டிகைகளும் நேபாளத்தில் உள்ளவையே. பிறகு ஏன் நேபாளத்திலேயே தங்கியிருக்கக் கூடாது என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் இரண்டாவது வழி அடைபட்டது. இவர்களுக்குக் குடியுரிமை தந்தால், பூட்டான் செய்த வெளியேற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நேபாள அரசு வாதிட்டது. சட்டப்படி வேலை செய்யவோ நிலம் வாங்கவோ அகதிகளுக்கு அனுமதி இல்லை. பிள்ளைகள் முகாம் பள்ளியில் பத்தாம் வகுப்புவரை ஆங்கிலத்தில் நன்றாகவே படித்தார்கள். படித்துவிட்டுச் செய்ய வேலை இல்லை. தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் நாற்பதாண்டுகளாக இருக்கும் இலங்கைத் தமிழர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மொழி ஒன்று, பள்ளி உண்டு, கல்லூரி உண்டு, அரசின் உதவித்தொகையும் உண்டு. ஆனால் முகாமில் பிறந்து வளர்ந்து பட்டம் வாங்கிய பிள்ளைக்கும் குடியுரிமை இல்லை. மொழியும் பண்பாடும் ஒத்துப்போனால் மட்டும் ஒருவர் ஒரு நாட்டில் ஊன்றிவிட முடியாது. அரசு அவரைத் தன் குடிமகன் என்று ஏற்க வேண்டும்.

முதல் வழியும் திறக்கவில்லை. 1993இலிருந்து இரு அரசுகளும் சுற்றுச் சுற்றாகப் பேசின. 2001இல் குதுனாபாரி முகாமில் மட்டும் சுமார் 12,000 பேரை இரு நாட்டு அதிகாரிகளும் கூட்டாகச் சரிபார்த்தார்கள். முடிவு வர 2003 ஜூன் ஆயிற்று. பலவந்தமாக வெளியேற்றப்பட்ட உண்மையான பூட்டானியர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டவர்கள் நூற்றுக்கு 2.4 பேர். ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் தாமாக வெளியேறியவர்கள் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். திரும்பினாலும் குடியுரிமைக்குப் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் இந்த நிபந்தனைகளை விளக்க வந்த பூட்டான் அதிகாரிகள்மீது முகாமில் கல் எறியப்பட்டது. அத்தோடு பூட்டான் தரப்பு வெளியேறிவிட்டது. அகதிகளில் ஒருவர்கூட அதிகாரபூர்வமாகத் திரும்பவில்லை. ஒரு முகாமைச் சரிபார்த்து முடிவு சொல்லவே இரண்டாண்டுக்கு மேல் ஆனதென்றால் மீதி ஆறுக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்ற கணக்கை முகாமில் எல்லோரும் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

2006 அக்டோபரில் அமெரிக்கா 60,000 பேர்வரை ஏற்கத் தயார் என்றது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, டென்மார்க், நார்வே, நெதர்லாந்து ஆகியவையும் சேர்ந்தன. பின்னர் பிரிட்டனும் வந்தது. செய்தி முகாமை இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிளவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். குடியமர்வைப் பற்றி இன்றும் கேட்கப்படும் கடினமான கேள்விகள் எல்லாம் அங்கேயே எழுந்துவிட்டன.

எதிர்த்தவர்கள் சொன்னது இது: நாங்கள் உலகெங்கும் சிதறிப் போனால் பூட்டானுக்கு அதுவே வெற்றி. ஆறில் ஒருவரை விரட்டிவிட்டு ஓர் அரசு எந்த விலையும் கொடுக்காமல் தப்பிவிடும். அடுத்து யாரை விரட்டலாம் என்று நினைக்கும் வேறு அரசுகளுக்கும் துணிச்சல் வரும். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் இதைச் சிலர் மிரட்டலாக மாற்றினார்கள். போக விரும்புவதாகச் சொன்னவர்கள் தாக்கப்பட்டார்கள். 2007 மே மாதம் பெல்டாங்கியில் மோதல் வெடித்து உயிர்கள் போயின. அதே நாள்களில் பூட்டானுக்கு நடந்தே போவோம் என்று புறப்பட்ட கூட்டத்தை இந்திய எல்லையிலுள்ள மேச்சி ஆற்றுப் பாலத்தில் இந்தியப் பாதுகாப்புப் படையினர் தடுத்தார்கள்; அங்கும் உயிர் போனது.

போக விரும்பியவர்கள் சொன்னதும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. பதினேழு ஆண்டு இந்தக் குடிசையில் போயிற்று. என் பிள்ளையின் பதினேழு ஆண்டும் இங்கேயே போக வேண்டுமா? அநீதிக்குச் சாட்சியாக இருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான் என்றால், அதற்காக எங்கள் பிள்ளைகளின் வாழ்க்கையை ஏன் கொடுக்க வேண்டும்?

இந்த இரண்டில் நாம் இரண்டாவது பக்கம் நிற்கிறோம். திரும்பிப் போகும் உரிமை ஒவ்வொரு மனிதருக்கும் சொந்தமானது. அது முகாமில் வசிப்பவருக்கு மட்டும் உரியதல்ல. ஒருவர் ஓஹியோவில் வீடு வாங்கிவிட்டதால் அவருடைய நிலத்தைப் பறித்த அரசின் குற்றம் கரைந்துவிடாது. நியாயம் கிடைக்கும்வரை மக்கள் கொட்டகையிலேயே இருந்தாக வேண்டும் என்று கோருவது, பாதிக்கப்பட்டவர்களையே இன்னொரு முறை தண்டிப்பதாகும். ஆனால் எதிர்த்தவர்களின் அச்சமும் பெருமளவு பலித்தது என்பதை மறைக்கக் கூடாது. குடியமர்வு தொடங்கிய பிறகு பூட்டான் அரசை நோக்கி வந்த அழுத்தம் ஏறக்குறைய நின்றேபோனது. மேலை நாடுகள் அகதிகளை ஏற்றபோதே, மீதமுள்ளவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பூட்டானிடம் உறுதி வாங்கியிருக்க வேண்டும். அதைச் செய்யத் தவறியது ஒரு பெரிய குறை.

2008இலிருந்து விமானங்கள் தொடர்ந்து புறப்பட்டன. தமாக் என்ற சிறு நகரத்தில் நேர்காணல், மருத்துவச் சோதனை, போகும் நாட்டின் பழக்கங்களைச் சொல்லித்தரும் வகுப்பு. பிறகு காத்மாண்டு, அங்கிருந்து கடல் கடந்த பயணம். அமெரிக்கா சென்றவர்களின் விமானச் செலவு இலவசமல்ல. வட்டியில்லாக் கடனாகத் தரப்பட்டு, வேலை கிடைத்ததும் மாதாமாதம் திருப்பிக் கட்ட வேண்டியது. இறங்கியதும் ஓர் உதவி நிறுவனம் வீடு பிடித்துக் கொடுத்து, முதல் மூன்று மாதங்கள் கைப்பிடித்து நடத்தும். அதற்குள் வேலைக்குப் போய்விட வேண்டும் என்பதே அமெரிக்க முறையின் எதிர்பார்ப்பு. அடுத்தடுத்த ஆண்டுகளில் 1,10,000க்கும் மேற்பட்டோர் முகாம்களைவிட்டுப் போனார்கள். அவர்களில் 90,000க்கும் மேற்பட்டோரை ஏற்றது அமெரிக்கா. ஏழு முகாம்கள் இரண்டாகக் குறைந்தன.

போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வயதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. முகாம் பள்ளியில் ஆங்கிலம் படித்துவந்த இளைஞர்கள் கிடங்குகளிலும் இறைச்சிப் பதனிடும் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க், ஹாரிஸ்பர்க், ஓஹியோவின் கொலம்பஸ், ஆக்ரன் ஆகிய ஊர்களில் அவர்களுடைய மளிகைக் கடைகளும் கோயில்களும் எழுந்தன. முதலில் வேறு மாநிலங்களில் இறக்கிவிடப்பட்டவர்கள்கூட உறவினர் இருக்கும் இந்த ஊர்களைத் தேடி வந்து சேர்ந்தார்கள். முகாமில் வளர்ந்த புவன் பியாகுரேல் 2019இல் ஓஹியோவின் ரெனால்ட்ஸ்பர்க் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவர் வாக்குக் கேட்டு வென்றிருக்கிறார் என்பது பெருமையோடு சொல்ல வேண்டிய செய்தி.

நிலம் உழுத கையோடு ஐம்பது, அறுபது வயதில் போய் இறங்கியவர்களின் கதை வேறு. பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டாரோடு பேச மொழியில்லை. மகனும் மருமகளும் மாறிமாறி வேலைக்குப் போக, நாள் முழுதும் நான்கு சுவருக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்தச் சமூகத்தில் நடந்த தற்கொலைகளை ஆராய்ந்தது. 2009 பிப்ரவரியிலிருந்து மூன்றாண்டுகளில் 16 பேர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 20.3 என்ற அந்த விகிதம் அமெரிக்கப் பொது மக்களின் விகிதத்தைவிட வெகு அதிகம். மொழி தெரியாமை, வேலையின்மை, விட்டுவந்த உறவினரைப் பற்றிய கவலை, சடங்குகளையும் பண்டிகைகளையும் முன்போல நடத்த முடியாத ஏக்கம் ஆகியவை அவர்களை வாட்டியதாக ஆய்வு சொன்னது. மூன்று மாத உதவி போதும் என்ற கணக்கு திடகாத்திரமான ஓர் இளைஞரை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு.

இனி நம் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். குடியமர்வு நிரந்தரத் தீர்வாவது விமானம் தரையிறங்கும் நாளில் அல்ல, குடியுரிமைச் சான்றிதழ் கையில் வரும் நாளில்தான். இடைப்பட்ட காலத்தில் அகதி இன்னமும் ஒரு நாட்டின் தயவில்தான் இருக்கிறார். கனடாவில் குடியமர்த்தப்படுபவர்கள் வந்திறங்கும்போதே நிரந்தரவாசிகள். அமெரிக்காவில் ஓராண்டு கழித்து நிரந்தரவாசி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். குடியுரிமைக்கு ஐந்தாண்டு ஆகும். ஆங்கிலத்திலும் அமெரிக்க வரலாறு, ஆட்சிமுறையிலும் தேர்வில் தேற வேண்டும். வயதானவர்களுக்கு மொழிச் சலுகை உண்டு. ஆனால் அதைப் பெற 15 ஆண்டோ 20 ஆண்டோ நிரந்தரவாசியாக இருந்திருக்க வேண்டும். இதற்கிடையே, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரப்படும் மாத உதவித்தொகை, அகதியாக வந்தவருக்கு ஏழாண்டு மட்டுமே; அதற்குள் குடிமகன் ஆகாவிட்டால் நின்றுவிடும். எழுத்தறியாத ஒரு மூதாட்டிக்கு இந்த இரண்டு கெடுவும் எப்படிப் பொருந்தும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

குடியுரிமை கிடைக்காதவரை தீர்வு நிரந்தரமாவதில்லை என்பது 2025 மார்ச்சிலிருந்து இன்னும் கசப்பாக வெளிப்பட்டது. குடியுரிமை பெறாமல், ஏதாவது குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருந்த பூட்டான் அகதிகளை அமெரிக்கா பிடித்துப் பூட்டானுக்கே விமானம் ஏற்றியது. சில மாதங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் இப்படி அனுப்பப்பட்டார்கள். பலர் தண்டனையை எப்போதோ அனுபவித்து முடித்தவர்கள். பூட்டான் அவர்களை வைத்துக்கொள்ளவில்லை. இந்திய எல்லையில் கொண்டுவிட்டது. சிலர் எப்படியோ நேபாளத்துக்குள் வந்து சேர்ந்து, அனுமதியின்றி நுழைந்ததாகத் தடுத்துவைக்கப்பட்டார்கள். அவர்களை வெளியேற்றக் கூடாது என்று நேபாள உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. குற்றம் செய்தவருக்குத் தண்டனை தருவதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அதே குற்றத்தைச் செய்த குடிமகன் சிறையிலிருந்து வீட்டுக்குப் போகிறார். அகதியோ எந்த நாடும் தன்னவர் என்று சொல்லாத நிலைக்குத் திரும்புகிறார். ஒருவருக்கு நாடற்ற நிலையை மறுபடி உண்டாக்க முடிகிறதென்றால், அவருக்குக் கிடைத்திருந்த தீர்வு நிரந்தரமானதல்ல.

ஆகவே அகதிகளை ஏற்கும் நாடுகளிடம் கேட்க வேண்டியது எண்ணிக்கையை உயர்த்துங்கள் என்பது மட்டுமல்ல. வந்திறங்கும்போதே நிரந்தர உரிமை. முதியவர்களுக்குச் சொந்த மொழியில் குடியுரிமைத் தேர்வு. வேறு நாடு இல்லாதவரை நாடு கடத்தாமை. இந்த மூன்றும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

நேபாளத்தில் பெல்டாங்கியிலும் சனிஸ்சரேயிலும் சுமார் 6,500 பேர் இன்னும் எஞ்சியிருக்கிறார்கள். பூட்டானுக்குத் தவிர வேறெங்கும் போகமாட்டோம் என்று தாமே மறுத்த முதியவர்கள் அவர்களில் உண்டு. நேபாளியரை மணந்ததால் கோப்பு சிக்கலானவர்கள், பதிவில் விடுபட்டவர்கள், குடும்பத்துக்குள்ளேயே கருத்து வேறுபட்டுத் தங்கிவிட்டவர்களும் உண்டு. கூட்டமாக ஏற்கும் திட்டம் 2016 முடிவோடு நிறுத்தப்பட்டது. எஞ்சியவர்களின் நிலை எவ்வளவு எளிதில் மோசடிக்குப் பயன்படுத்தப்படும் என்பதை 2023இல் நேபாளம் பார்த்தது. பூட்டான் அகதி என்று போலி ஆவணம் தந்து அமெரிக்கா அனுப்புவதாக நேபாளியரிடம் பணம் பறித்த வழக்கில், முன்னாள் உள்துறை அமைச்சர் உட்படப் பலர் கைதானார்கள்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சுமை இறங்கிய பிறகு, 6,500 பேரை ஏற்பது நேபாளத்துக்கு இயலாத காரியமல்ல. விரும்புவோருக்கு அது குடியுரிமை தரலாம். வேலை செய்யும் அனுமதியை இன்றே தரலாம். சொந்த மண்ணில் கண்மூட வேண்டும் என்று காத்திருக்கும் முதியவர்கள் சில நூறு பேரை அனுமதிப்பதால் பூட்டானின் பண்பாட்டுக்கு எந்தக் கேடும் வந்துவிடாது. அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கும் செல்வாக்கு இரு நாடுகளிடமும் இந்தியாவுக்கு இருக்கிறது. 1990களில் லாரி ஏற்றிவிட்டதோடு, 2007இல் பாலத்தில் தடுத்ததோடு தன் பங்கு முடிந்துவிட்டதாக அது இருந்துவிடக் கூடாது. நாடு கடத்தப்பட்டவர்களும் எஞ்சிய முகாம்வாசிகளும் வந்து நிற்பது இந்திய மண்ணைக் கடந்துதான் என்பதால், இரு அரசுகளையும் ஒரே மேசைக்கு அழைக்க வேண்டிய பொறுப்பு தில்லியுடையது.